நூற்றுக்குப் பத்து

மார்ச் 4

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீங்கள் நலம்தான். கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்காமல் விழுந்திருக்கிறதே, அதிலேயே தெரிகிறது.

பணியிடை நீக்க உத்தரவோடு உங்கள் அறிக்கையின் நகலையும் இன்று காலை கொடுத்தார்கள். மருத்துவமனை வாசலில், செக்யூரிட்டி மேஜையில் வைத்துப் படித்தேன். "மேற்படி நாளில் மேற்படி நோயாளியின் பொட்டாசியம் அளவு குறித்த எந்தப் பதிவும் சர்வரில் இல்லை." அவ்வளவுதான். கீழே நீங்கள், உங்கள் பதவி, மருத்துவமனைத் தலைமையகத்தின் கணினிப் பிரிவு முத்திரை. இத்தனை வருடமாக இந்த லேபில் நான் நின்ற நிற்புக்கு ஒரு வரி போதுமாக இருந்திருக்கிறது.

விசாரணைக் குழுவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்த பஸ் டிரைவரின் ரத்தத்தை மதியம் நான்தான் மெஷினில் வைத்தேன். சிறுநீரகம் கெட்டு வார்டில் படுத்திருந்தவர். பொட்டாசியம் ஏழரையைத் தொட்டு நின்றது. அந்த அளவில் இதயம் எந்த நிமிடமும் நிற்கலாம் என்பது எங்கள் தொழிலில் முதல் வாரமே தெரிந்துகொள்கிற விஷயம். எங்கள் மெஷின் பழையது. எண்ணைத் திரையில் காட்டும், மின்சாரம் போனால் மறந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் நாங்கள் கணினியில் தட்டித்தான் சர்வருக்கு அனுப்புகிறோம். தட்டினேன். "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வந்தது. வார்டுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து மின்சாரம் போனது. கீழ்த்தளத்தில் சர்வரோடு இருக்கிற பாட்டரி செத்துப் பல மாதமாகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஜெனரேட்டர் எடுப்பதற்குள் சர்வர் அணைந்து, பிறகு எழுந்தது. நான் மற்ற வேலையைப் பார்த்தேன். வார்டிலோ "லேப் ரிசல்ட் இன்னும் வரல" என்று சாயங்காலம் வரைக்கும் காத்திருந்திருக்கிறார்கள். அவருக்கு இதயம் நின்றுபோய், நெஞ்சில் அடித்து எழுப்பினார்கள். உயிர் இருக்கிறது. பேச்சு சரியாக இல்லை, வலது கை இல்லாத மாதிரிதான்.

நான் எழுதியதை உங்கள் சர்வர் தொலைத்தது. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன தடை?

விசாரணை முடியும்வரை நாம் பேசிக்கொள்ளக் கூடாதாம். அலுவலக மெயிலில் போட்டால் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் வீட்டுக்குத் தபால். அண்ணன் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை.

உங்கள் கணவரின் தங்கை

---

மார்ச் 9

சின்னவளுக்கு,

உன் அண்ணன் பிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இது வெடிக்குமான்னு தெரியல, நான் மாடிக்குப் போறேன்" என்று போய்விட்டார்.

கேள்வி கேட்டிருக்கிறாய், பதில் சொல்கிறேன். பிறகு இதைப் பற்றி எழுதாதே.

சர்வர் எதையும் தொலைப்பதில்லை. ஆனால் நீ சொல்கிற மாதிரி ஒன்று நடக்க வழி உண்டு என்பது எனக்குத் தெரியும், உனக்கு முன்பே தெரியும். டிஸ்க் மெதுவானது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அது முடியட்டும் என்று எல்லோரையும் நிறுத்தினால் மருத்துவமனை நகராது. அதனால் ஆபரேட்டிங் சிஸ்டம், கொடுப்பதை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கியதுமே "சேமிக்கப்பட்டது" என்று சொல்லிவிடும். பிறகு தன் சௌகரியத்துக்கு டிஸ்கில் எழுதும். இடையில் மின்சாரம் போனால், மெமரியில் காத்திருந்தது போய்விடும்.

இப்படிக் காத்திருப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பை உங்கள் சர்வரில் வைத்தது நான். மொத்த மெமரியில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் காத்திருக்கக் கூடாது. அது நிரம்பிவிட்டால், புதிதாக எழுத வருபவரை வாசலிலேயே நிறுத்திவிடும். வைத்த அன்றே நானே அங்கே வந்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். தொலைந்தது கடைசி சில நொடிகளின் பதிவு மட்டும்.

நீ தட்டிக் கால் மணி நேரம் கழித்து மின்சாரம் போனதாக நீயே எழுதியிருக்கிறாய். கால் மணி நேரம் எதுவும் மெமரியில் உட்கார்ந்திருக்க முடியாது. டிஸ்கில் இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆகவே நீ தட்டவில்லை, அல்லது தட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தவில்லை. பச்சை எழுத்து வேறு யாருடைய ரிசல்ட்டுக்காவது வந்திருக்கும். நாள் முழுக்க அதையே பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றுவது சகஜம்.

இன்னொன்று. ஆபத்தான எண் வந்தால் வார்டில் ஒரு ஆளிடம் வாயால் சொல்ல வேண்டும் என்று உங்கள் லேபிலேயே விதி இருக்கிறது. "லைன் கிடைக்கவில்லை" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகிறாய். அதைப் பற்றி நீ நிறைய எழுதியிருந்தால் உன்னை அதிகம் நம்பியிருப்பேன்.

உன்னை இந்த வேலைக்குச் சொன்னவள் நான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். சொந்தக்காரி என்பதால் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ எழுதினால் இரண்டு பேருக்கும் கேவலம். இருப்பதை எழுதினேன்.

அத்தையை மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்.

உன் அண்ணனின் மனைவி

---

மார்ச் 14

அண்ணிக்கு,

அம்மா மாத்திரை போடுகிறாள். நீங்கள் சொல்லித்தான் போடுவது போல எழுதாதீர்கள்.

வேலைக்குச் சொன்னதை எப்போது எடுத்துக்காட்டுவீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன், சொல்லிவிட்டீர்கள். உங்கள் வீட்டு வரவேற்பறையில் உங்கள் தோழியிடம் என்னை அறிமுகப்படுத்தினீர்களே, "லேப்ல பட்டன் அழுத்துற வேலை, கஷ்டம் ஒண்ணுமில்ல" என்று, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இப்போது அந்தப் பட்டனையும் அழுத்தத் தெரியாதவள் ஆகிவிட்டேன்.

நேற்று டிரைவரின் மனைவி வீடு தேடி வந்தார். முகவரி யார் கொடுத்தார்களோ. தையல்காரர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கத்துவார் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி ஒன்றைத்தான் கேட்டார்.

"அந்த டெஸ்டை யாருமே பாக்கலன்னு ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க. ரத்தத்தை எடுத்தாங்க, நான் பக்கத்துலதான் இருந்தேன். அதுக்கப்புறம் அதை ஒரு மனுஷக் கண்ணாவது பார்த்துச்சா இல்லையா?"

"பார்த்தேன். நான்தான் பார்த்தேன். எழுதினேன்."

"அப்ப ஏன் இல்லங்கறாங்க?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொய் சொல்கிறவளைப் பார்க்கிற பார்வை, அண்ணி. உங்கள் கடிதமும் அதே பார்வைதான்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. முன்பெல்லாம் சேமி என்று அழுத்தினால் திரையில் அந்த மணல் கடிகாரம் சுற்றும். எக்ஸ்ரேக்காரர்கள் படங்களை ஏற்றுகிற நேரமென்றால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஜனவரிக்குப் பிறகு அது இல்லை. விரல் பொத்தானைத் தொடும் முன்பே பச்சை வருகிறது. அன்றைக்கு மதியமும் எக்ஸ்ரேயில் பழைய படங்களை மொத்தமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்பல்லாம் பறக்குது, என்ன மாயம் பண்ணாங்களோ" என்று அந்த டெக்னீஷியன் எங்கள் அறைக்கே வந்து பெருமை அடித்துவிட்டுப் போனார். எனக்கும் டிரைவருடைய எண்ணுக்கு அதே வேகத்தில்தான் பச்சை வந்தது. நீங்கள் வைத்தது வைத்தபடியே இருக்கிற மாதிரி எழுதுகிறீர்கள். ஏன் பறந்தது?

சின்னவள்

---

மார்ச் 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்துக்காக நேரம் ஒதுக்கி சர்வரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். நான் வைத்த வரம்பு வைத்தபடியே இருக்கிறது. பத்து. யாரும் தொடவில்லை.

ஏன் பறந்தது என்று கேட்டாய். ஜனவரியில் பழைய மெமரியைக் கழற்றிவிட்டுப் பதினாறு மடங்கு பெரியதைப் போட்டார்கள். காரணம், "சர்வர் ஆமை மாதிரி இருக்கிறது, நோயாளிகளின் உயிரோடு விளையாடுகிறீர்கள்" என்று உங்கள் லேப் அனுப்பிய புகார். முதல் கையெழுத்து உன்னுடையது. கேட்டது கிடைத்தது. அதையும் குற்றம் சொல்லாதே.

டிரைவரின் மனைவிக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் விசாரணை நடக்கும்போது அவரிடம் வாய் கொடுத்தது தப்பு. பார்த்தேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். நாளைக்கு அவர் அதையே வக்கீலிடம் சொல்வார்.

பட்டன் அழுத்துகிற வேலை என்று சொன்னது ஞாபகமில்லை. சொல்லியிருக்கலாம். நான் செய்வதும் அதுதான்.

உன் அண்ணன் இந்த வாரக் கடைசியில் அங்கே வருகிறார். நான் அனுப்பவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

அண்ணி

---

மார்ச் 25

அண்ணிக்கு,

அண்ணன் வந்தார், போனார். இதுதான் உங்களுக்கு என் கடைசிக் கடிதம்.

குழு ஒரு வழி சொல்லியிருக்கிறது. "கவனக்குறைவால் முடிவைப் பதிவு செய்யத் தவறிவிட்டேன்" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். வேறு கிளைக்கு மாற்றல். போடாவிட்டால் உரிமத்தில் கை வைப்பார்கள். அதற்குப் பிறகு எந்த லேபிலும் என்னை வாசல்படி ஏற்ற மாட்டார்கள்.

அண்ணன் சொல்கிறார், "போட்டுட்டு வேலையைப் பாரும்மா. ஒரு வரிதானே."

"உங்க வீட்டம்மாவும் ஒரு வரிதான் போட்டாங்க. அதான் இங்க வந்து நிக்குது."

"என்னை இதுல இழுக்காதே. அங்க என்னடான்னா அவ சாப்பிடக் கூப்பிடறதுக்கு மட்டும்தான் வாயைத் திறக்கறா. இங்க நீ அதுக்கும் திறக்கறதில்ல. நான் எங்கதான் போய் உக்காரறது?"

"நான் எழுதினேன்னு நீங்களாவது நம்பறீங்களா, அண்ணா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நீ பொய் சொல்ல மாட்டே," என்றார். "ஆனா அவ தப்பா கணக்குப் போடவும் மாட்டா."

இதுதான் உங்கள் சாதனை. கூடப் பிறந்தவருக்கே இரண்டு மனசாக இருக்கிறது.

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை என்று வீம்பாகச் சொல்ல ஆசைதான். ஆனால் வீட்டில் அம்மா, நான், என் ஒரு சம்பளம். திங்கட்கிழமை வரை கெடு. போட்டால் அந்தத் தையல்காரரிடம் ஆஸ்பத்திரி சொன்னதே சரி என்றாகும். அவருடைய வீட்டுக்காரரின் ரத்தம் ஒரு குழாயில் கிடந்து, ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்காமல் போனது என்றாகும். அதை என் கையாலேயே எழுதித் தர வேண்டும். உங்களுக்கு இது புரியாது. உங்களுக்கு இருக்கிறது, இல்லை, இரண்டே விஷயம்.

இனி எழுத மாட்டேன்.

---

மார்ச் 28, விரைவுத் தபால்

சின்னவளுக்கு,

எதிலும் கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று உடனே எழுதிக் கொடு.

நீ எழுதினாய். சர்வரில்தான் தொலைந்தது.

உன் கடிதத்தைப் பார்த்து மனமிரங்கிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எழுதியதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது, அந்த மணல் கடிகாரம். எக்ஸ்ரேப் படங்கள் ஏறும்போதும் உனக்கு உடனே பச்சை வந்தது என்றாய். என் வரம்பு வேலை செய்திருந்தால் அப்படி வரக் கூடாது. படங்கள் அதை ஒரு நொடியில் நிரப்பிவிடும், அதன் பிறகு வருகிற எல்லோரும், நீயும்தான், வாசலில் நின்றிருக்க வேண்டும். முன்பு நீ டீ குடித்துவிட்டு வந்தது அதனால்தான். நீங்கள் ஆமை என்று புகார் கொடுத்தது என் வரம்பைத்தான். அது உங்களை நிறுத்தி வைத்த வரைக்கும் ஒரு பதிவும் தொலைந்ததில்லை.

தலைமையகத்தில் உங்கள் சர்வரைப் போலவே ஒன்றைக் கட்டினேன். அதே டிஸ்க், அதே பெரிய மெமரி, அதே பத்து. படங்களை ஏற்றிவிட்டு, உங்கள் லேப் புரோகிராமையே அங்கே திறந்து ஒரு எண்ணைத் தட்டினேன். உடனே பச்சை. காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி எழுப்பிப் பார்த்தபோது அந்த எண் இல்லை. படங்களிலும் பாதி இல்லை. நம்பாமல் இன்னும் மூன்று முறை செய்தேன்.

பத்து மாறவில்லை. எதில் பத்து என்பது மாறிவிட்டது. சின்ன மெமரியில் பத்துப் பங்கு என்றால் ஒரு நிமிடத்தில் டிஸ்கில் வடிந்துவிடும். பதினாறு மடங்கு மெமரியில் அதே பத்துப் பங்கு வடிய, படங்கள் ஏறுகிற நேரத்தில் இருபது நிமிடம்கூட ஆகிறது. அவ்வளவு இடம் இருந்ததால் அது நிரம்பவும் இல்லை, யாரையும் வாசலில் நிறுத்தவும் இல்லை; டிஸ்க் மட்டும் அதே பழைய டிஸ்க். உன் எண் அத்தனை படங்களுக்கும் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. மெமரியை மாற்றியபோது வரம்பைத் திரும்ப யோசித்திருக்க வேண்டியது என் பிரிவு. நீ கேட்ட பிறகும் பத்து பத்தாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடியதும் நான்.

இரண்டாவது அறிக்கை எழுதி இயக்குநரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் ரிப்போர்ட்ல பொய் ஏதாவது இருக்கா?"

"இல்ல சார். பதிவு இல்லங்கறது உண்மைதான்."

"அப்புறம் என்ன? குழுவே முடிக்கப் போகுது. அந்தப் பொண்ணுக்கும் வேலை போகாது. நீங்களா போய் எதுக்குத் தலையைக் குடுக்கறீங்க?"

"பதிவு இல்லன்னு சொன்னேன். ஏன் இல்லன்னு சொல்லல."

"அவங்க உங்க நாத்தனார். இதைப் படிக்கிறவன் முதல்ல அதைத்தான் படிப்பான்."

"படிக்கட்டும் சார். பிளக்கைப் பிடுங்கிப் பாக்கறதுக்கு யாருக்கும் நாத்தனாரா இருக்க வேண்டியதில்ல."

குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்துக் கடைசிப் பத்திக்கு வந்திருப்பாய். கேட்கவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று நான் நினைத்தது தவறு, அதை அறிக்கையில் வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு மனிதரின் இதயம் நிற்கப் போகிறது என்று தெரிந்த பிறகு நீ ஒரு பச்சை எழுத்தை நம்பி உட்கார்ந்திருக்கிறாய். அதை என் சர்வர் செய்யவில்லை.

அண்ணி

---

ஏப்ரல் 11

அண்ணிக்கு,

எழுத மாட்டேன் என்றவள் எழுதுகிறேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடவில்லை. உங்கள் தபால் வந்தபோது பேனாவோடு உட்கார்ந்திருந்தேன் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

குழு மறுபடி கூப்பிட்டது. உங்கள் இரண்டாவது அறிக்கை அவர்கள் முன்னால் இருந்தது. ஒருவர் அதைப் புரட்டிக்கொண்டே, "குடும்பமே சேந்து எழுதின மாதிரி இருக்கே" என்றார். நீங்கள் சொன்னதையே சொன்னேன், பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள் என்று. அடுத்த வாரம் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பிடுங்கிப் பார்த்தார்களாம். எண் காணாமல் போனது. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இடைநீக்கம் ரத்து. போன் செய்யாததற்கு எச்சரிக்கை.

ஆம், அந்தப் போன். குழுவும் கேட்டது, உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே ஒரு முறை அடித்தேன். எங்கேஜ்டாக இருந்தது. மறுபடி அடிக்கலாம் என்று ரிசீவரை வைத்தேன். திரையில் பச்சை இருந்தது. வார்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த குழாயைக் கையில் எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் சொல்கிற மாதிரி உட்கார்ந்திருக்கவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அதனால் தப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்று எனக்கும் தெரியும். முதல் கடிதத்திலேயே நீங்கள் இதைக் குத்தியபோது, சர்வரின் தப்பை மறைக்க என் மேல் சேற்றை வாரி இறைக்கிறீர்கள் என்று கொதித்தேன். சர்வரின் தப்பு வெளியே வந்த பிறகும் நீங்கள் குத்துவதை நிறுத்தவில்லை. அதனால் இப்போது நம்புகிறேன்.

உங்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார். வேறு யாரோ ஒருவருக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறார்களாம். அதற்கு நான் வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் தடவையே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் நீங்களும் அங்கேயே இருந்திருப்பீர்கள், நானும் ஒரு மாதம் தெருவில் முகம் காட்டாமல் நடந்திருக்க வேண்டாம்.

இப்போது வேறு விஷயம். உங்கள் இடத்துக்கு வந்தவர் எங்கள் சர்வரைத் தொடவே பயப்படுகிறார். "கமிட்டி சொல்லட்டும், பாக்கலாம்" என்கிறார். அதே பத்து இன்னும் அப்படியே இருக்கிறது. நான் ஒவ்வொரு எண்ணையும் தட்டிவிட்டு, பிறகு காகிதத்தில் எழுதி வார்டுக்கு ஓடுகிறேன். மற்றவர்கள் ஓடுவதில்லை. நீங்கள் வந்து சரிசெய்ய வேண்டும். பதவி இருக்கிறதோ இல்லையோ, வைத்தவர் நீங்கள்.

சின்னவள்

---

ஏப்ரல் 17

சின்னவளுக்கு,

அனுமதி வாங்கிவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி காலை வருகிறேன். எக்ஸ்ரேயில் அன்றைக்குப் படங்களை ஏற்றச் சொல்லி வை, சும்மா இருக்கிற சர்வரில் சோதித்துப் பயனில்லை.

இரண்டு வேலை செய்யப் போகிறேன். வரம்பைப் பங்காக வைக்காமல் இவ்வளவுதான் என்று ஒரு அளவாகவே கட்டிப்போடுவேன். இனி எவ்வளவு மெமரி போட்டாலும் அது வளராது. அடுத்தது, உங்கள் லேப் புரோகிராமைச் செய்தவர்களோடு மூன்று நாள் சண்டை போட்டு வாங்கியது. இனி டிஸ்கில் எழுதி முடித்த பிறகுதான் அது பச்சை காட்டும். ஆகவே மெதுவாகிவிடும், முன்பைவிட மோசமாக. உன் கூட இருப்பவர்கள் புகார் எழுதுவார்கள். முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்காது என்று நம்புகிறேன்.

ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வீட்டில் எனக்காக எதுவும் சமைக்கச் சொல்லாதே. அத்தையை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன்.

அண்ணி

---

ஏப்ரல் 30

அண்ணிக்கு,

அன்றைக்கு நாம் பேசிக்கொண்டதை எண்ணிப் பார்த்தால் பத்து வார்த்தை தேறாது. "தட்டு" என்றீர்கள், தட்டினேன். மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது, எனக்கே கோபம் வந்தது. பச்சை வந்ததும் "பிடுங்கு" என்றீர்கள். நீங்களே பிடுங்குவீர்கள் என்று நினைத்தேன். கீழ்த்தளத்துக்கு ஓடிப்போய்ப் பிடுங்கினேன். மேலே வந்தபோது நீங்கள் திரையைப் பார்க்காமல் என் மேஜையில் இருந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சர்வர் எழுந்து, நான் தட்டிய எண் வந்து நின்றது. "இருக்கு" என்றீர்கள். பிறகு நீங்களாகவே இன்னும் ஆறு முறை செய்யச் சொன்னீர்கள். ஆறு முறையும் இருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டீர்கள். அம்மா இன்னும் அதைச் சொல்லிப் புலம்புகிறாள்.

நீங்கள் எதிர்பார்த்த மாதிரியே இங்கே எல்லோரும் திட்டுகிறார்கள். என்னைத்தான். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.

எழுத வந்தது அதுவல்ல.

உங்கள் இரண்டாவது அறிக்கையை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, போகக் கூடாது என்றுதான் சொன்னார்கள். என்னைப் பொய்க்காரி என்று பார்த்த அந்தப் பார்வை ஒன்றரை மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு வர வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். வாசல் அறையிலேயே தையல் மெஷின். பக்கத்து நாற்காலியில் டிரைவர், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். என்னை யாரென்று தெரியாமல் சிரித்தார்.

அந்த அம்மா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, அதை ஒளிக்க விரும்பவில்லை. படித்து முடித்துக் காகிதத்தை மடித்தார்.

"அப்ப பார்த்திருக்கீங்க."

"பார்த்தேன். அன்னைக்கே சொன்னேனே."

"ஆபத்துன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுது."

"எத்தனை தடவை போன் பண்ணீங்க?"

"ஒரு தடவை."

அவர் காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "யாருமே பாக்கலன்னு நெனச்சிட்டிருந்தப்ப எனக்கு ஆஸ்பத்திரி மேலதான் கோபம்," என்றார். "அது பெரிய கட்டடம், யாரைப் போய் என்ன கேக்க முடியும்னு விட்டுட்டேன். இப்ப உங்களைத் தெரியும்."

நான் எழுந்துகொண்டேன். வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

"வியாழக்கிழமை இவருக்கு மறுபடி ரத்தம் எடுக்கணும். நீங்களே பாருங்க, வேற ஆளு வேணாம். வார்டுக்கும் சொல்லுங்க, எனக்கும் சொல்லுங்க. மெஷின் ஓடிட்டிருந்தா எனக்கு மணி கேக்காது. எடுக்கிற வரைக்கும் அடிங்க."

நேற்று வியாழன். நானே எடுத்தேன், நானே பார்த்தேன். பொட்டாசியம் அளவோடு இருந்தது. பச்சை வரும்வரை நின்றேன், வார்டுக்கு நடந்துபோய் நர்ஸின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மேஜையில் குழாய்கள் குவிந்துவிட்டன, பக்கத்தில் இருந்தவள் முறைத்தாள். விடாமல் போட்டேன். கடைசியில் எடுத்தார். எண்ணைச் சொன்னேன். "சரி" என்றார், வைத்துவிட்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொன்னால் அழுவாள். அண்ணனிடம் சொன்னால் உன் மேல் தப்பில்லை என்பார். நீங்கள் இரண்டும் செய்ய மாட்டீர்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சின்னவள்